இணையத்தில் ஆய்வுத் தேடலை வேகப்படுத்த ஒரு சிறு கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு, குடும்ப வரலாறு, பழைய இதழ்கள் என்று இணையத்தில் ஓயாமல் தேடுகிறவர்களுக்கான பக்கம் இது. கணினித் துறையில் இல்லாதவர்களும் கட்டிவிடக்கூடிய ஒரு சின்னக் கருவியைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியை அழித்த புயல். தமிழகத்தையும் இலங்கையின் வடபகுதியையும் தாக்கிய புயல் அது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவாகியிருக்கிறது. ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தேடலில் வரக்கூடிய சிக்கல் அத்தனையும் இந்த ஓர் உதாரணத்துக்குள் அடங்கிவிடும்.

கருவி என்றால் என்ன செய்யும்?

நீங்கள் ஒரு பெயரைத் தட்டச்சு செய்வீர்கள். அந்தப் பெயரின் வெவ்வேறு எழுத்துவடிவங்களைக் கருவி எடுத்துக்கொள்ளும். நீங்கள் நம்பித் தேடும் ஒவ்வொரு தளத்துக்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும், தேடல் இணைப்பைத் தயாரித்து ஒரே பக்கத்தில் வரிசையாக வைக்கும். நீங்கள் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்து, கிடைத்ததையும் கிடைக்காததையும் குறித்துக்கொள்வீர்கள்.

அவ்வளவுதான். படிப்பது, ஒப்பிடுவது, எதை நம்புவது என்று முடிவு செய்வது எல்லாம் உங்கள் வேலை. அந்த வேலையைக் கருவியிடம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தனுஷ்கோடிப் புயலில் அடித்துச் செல்லப்பட்ட பாம்பன் பயணி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒரு இடத்தில் இருப்பது போல இன்னொரு இடத்தில் இருக்காது. சிலர் 22 என்று தேதி போடுகிறார்கள், சிலர் 23 என்கிறார்கள். இவற்றை அருகருகே கொண்டுவந்து வைப்பது இயந்திரத்துக்கு எளிது. எது சரி என்று சொல்ல, அந்தச் செய்தியை எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்க்க வேண்டும். அது மனிதர் செய்யும் வேலை.

கூகுள் இருக்கும்போது இது எதற்கு?

கூகுளுக்கு எட்டாத இடங்கள் நிறைய. பல மின்னூலகங்களின் உள்ளடக்கம் அவற்றின் சொந்தத் தேடல் பெட்டிக்குள் போனால்தான் கிடைக்கும். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்கைவ், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல்.

1964 போன்ற ஓர் ஆண்டுக்கு இன்னும் இரண்டு இடங்களைச் சேர்ப்பேன். ஒன்று, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உள்ளன. இன்னொன்று, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ். 1926 முதல் 1995 வரையிலான கான்பெரா டைம்ஸ் அதில் எழுத்தளவில் தேடும்படி இலவசமாகக் கிடைக்கிறது. தனுஷ்கோடிக்கும் கான்பெராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தந்திச் செய்தி நிறுவனங்கள் வழியாக உலகச் செய்திகள் எல்லா நாளிதழ்களுக்கும் போன காலம் அது. பேரிடர் நடந்த மறுநாள் வெளியூர்ப் பத்திரிகை என்ன எழுதியது என்று பார்ப்பது எப்போதும் பயனுள்ளது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. முடியுமா?

முடியும். முதல் படிக்கு நிரலே வேண்டாம். குரோமில் அமைப்புகளுக்குப் போனால் தேடுபொறிகளை நிர்வகிக்கும் பகுதி இருக்கும். அங்கே ஒரு தளத்தின் தேடல் முகவரியைச் சேர்த்து, தேடுசொல் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியையும் அதை ஒட்டிச் சிறிய எஸ் எழுத்தையும் போட்டு, ஒரு சுருக்கச்சொல்லும் கொடுத்துவிட்டால் போதும். அதன்பிறகு முகவரிப் பட்டையில் சுருக்கச்சொல்லைத் தட்டி, இடைவெளி விட்டு, தேட வேண்டியதை எழுதினால் நேராக அந்தத் தளத்தின் முடிவுப் பக்கத்துக்கே போய்விடலாம். பயர்பாக்ஸிலும் இந்த வசதி உண்டு. இதை மட்டும் செய்துவிட்டு நின்றாலும் பாதி அலுப்பு குறைந்துவிடும்.

ஒரு பக்கக் கருவியை எப்படிக் கட்டுவது?

நோட்பேட் போதும். இணையப் பக்கமாகத் திறக்கும் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு. அதில் ஒரு தட்டச்சுப் பெட்டி, ஒரு பொத்தான், கீழே இணைப்புகள் வந்து விழ ஒரு காலி இடம். உள்ளே, உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியல்: ஒவ்வொரு வரியிலும் தளத்தின் பெயர், அதன் தேடல் முகவரி. பொத்தானை அழுத்தியதும் பட்டியலில் வரிசையாகப் போய், முகவரியில் சொல்லைப் பொருத்தி, இணைப்பாக எழுத வேண்டும். எல்லாம் சேர்த்து ஐம்பது வரியைத் தாண்டாது. வழங்கி (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினி) வேண்டாம், காசும் வேண்டாம். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் உலாவியில் ஓடும்.

தளத்தின் தேடல் முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் தளத்தில் 1964 என்று ஓர் எண்ணைத் தேடிப்பாருங்கள். முகவரிப் பட்டையில் அந்த எண் எங்கே வந்து உட்காருகிறதோ, அதுதான் சொல் வர வேண்டிய இடம். தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்த்தால் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. அது முகவரியில் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். கருவிக்குள் இந்த மாற்றத்தை நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் என்கோட் யூஆர்ஐ கம்போனென்ட் என்ற கட்டளை அதற்கென்றே இருக்கிறது. அதை மறந்துவிட்டால் தேடுசொல்லில் உம்மைக்குறி, கேள்விக்குறி போன்றவை வரும்போது இணைப்பு உடையும்.

சில தளங்களில் தேடினாலும் முகவரி மாறாது. அங்கே இந்த முறை செல்லாது. கூகுளில் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும்படி, சைட் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் சேர்த்த இணைப்பை அதற்கு மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொடுக்கில் எல்லாத் தளமும் தாவல்களாகத் திறக்கக் கூடாதா?

செய்யலாம். ஆனால் உலாவிகள் ஒரு சொடுக்குக்கு ஒரு புதுத் தாவலைத்தான் சாதாரணமாக அனுமதிக்கும், மிச்சத்தை மேல்தோன்றி விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிடும். அனுமதி கொடுத்து வேலை வாங்கலாம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இணைப்புப் பட்டியலாகவே வைத்தால், சொடுக்கிய இணைப்பின் நிறம் மாறிவிடும். எங்கே பார்த்தோம், எங்கே பாக்கி என்பது தானாகத் தெரியும். இருபது தாவல்கள் ஒன்றாகத் திறந்து நின்றால் எதையும் ஒழுங்காகப் படிக்க மாட்டோம்.

இருக்கிறது என்று தெரிந்த பக்கமே தமிழில் தேடினால் வரவில்லை. ஏன்?

தமிழில் தேடுகிறவர்கள் அதிக நேரம் இழப்பது இங்கேதான். கருவியின் உண்மையான பலனும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல். தனுஷ்கோடியில் வரும் ‘கோ’வை, கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒரே குறியாக வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. பெரிய தேடுபொறிகள் இதைச் சமாளித்துவிடும். சிறிய தளங்களும் நீங்களே எழுதிய நிரலும் சமாளிக்காது. ஜாவாஸ்கிரிப்டிலும், இன்னொரு நிரல்மொழியான பைத்தானிலும் நார்மலைஸ் என்ற கட்டளை உண்டு. என்எஃப்சி வடிவம் கேட்டால், பிரிந்திருப்பதைச் சேர்த்துத் தரும். பெட்டியில் வரும் சொல்லையும் நீங்கள் சேமிக்கும் குறிப்பையும் இதில் ஒருமுறை போட்டு எடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

அடுத்தது, நார்மலைஸ் தீர்க்காத சிக்கல். ஔவையார் என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறவர்கள் உண்டு. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறவர்களும் ஏராளம். இணையத்தில் இரண்டும் சரளமாகக் கிடக்கின்றன. ஸ்ரீயும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கும் ஒரு வடிவம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் இன்னொரு வடிவம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தேடும் விதியைக் கருவிக்குள் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, மனிதர்கள் மாற்றி எழுதுவது. தனுஷ்கோடி, தநுஷ்கோடி, தனுக்கோடி. பழைய நூல்களில் நகரம் வரும், கிரந்தம் தவிர்த்து எழுதுகிறவர்களிடம் ககரம் இரட்டிக்கும். இதற்குப் பொதுவிதி எழுத முயலாதீர்கள். ஷகரத்தை எல்லா இடத்திலும் ஏதோ ஒன்றாக மாற்றும் விதி, இல்லாத சொற்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கும். அதற்குப் பதில் கையால் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஓர் ஊர் அல்லது ஓர் ஆள், அந்த வரியில் தெரிந்த வடிவங்கள் எல்லாம். புதிதாக ஒரு வடிவம் எங்காவது கண்ணில் பட்டால் உடனே சேருங்கள். சில மாதங்களில் இந்தப் பட்டியல் உங்கள் கருவியை விட மதிப்புள்ளதாகிவிடும்.

வேற்றுமை உருபு சேர்ந்த சொற்களை என்ன செய்வது?

தனுஷ்கோடியில், தனுஷ்கோடிக்கு, தனுஷ்கோடியிலிருந்து. இவற்றில் ஊர்ப் பெயர் முழுதாக நிற்பதால், சொல்லின் பகுதியைத் தேடும் தளங்களில் சிக்கல் இல்லை. ‘நாடு’ போன்ற சொல் ‘நாட்டில்’ என்று மாறும், ‘மரம்’ ‘மரத்தில்’ என்றாகும். அங்கே மாறாத முன்பகுதியை மட்டும் தேடுங்கள், அல்லது இரண்டு வடிவத்தையும் பெயர்ப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் தேடும்போது?

அந்தக் காலத்துப் பெயரைத் தேட வேண்டும். 1964 செய்தித்தாளில் தமிழ்நாடு என்று மாநிலத்தைத் தேடினால் கிடைக்காது, 1969-ல்தான் அந்தப் பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. மெட்ராஸ் என்று தேட வேண்டும். ஸ்ரீலங்கா என்ற பெயர் 1972-ல் வந்தது, அதற்கு முன் சிலோன். ராமநாதபுரம் ராம்நாட் ஆக இருக்கும். தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், தஞ்சாவூருக்கு டான்ஜோர், திருநெல்வேலிக்கு டின்னெவேலி, தரங்கம்பாடிக்கு டிராங்கேபார். தனுஷ்கோடியின் முதலெழுத்தை அடுத்து ஆங்கிலத்தில் ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதினார்கள்.

ஊர்ப் பெயரே இல்லாமல் செய்தி வந்திருக்கவும் கூடும். பாம்பன் பாலம், போட் மெயில், தலைமன்னார் என்று பக்கத்துப் பெயர்களையும் தேடுங்கள். போட் மெயில் என்பது சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போன பாதை. அங்கே நடந்தது இலங்கைப் பத்திரிகைகளுக்கும் உள்ளூர்ச் செய்திதான். பாலம் பழுதுபார்க்கப்பட்ட கதைக்கு அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் பெயரும் ஒரு வாசல்.

முடிவுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்காதா?

சில தளங்களில் வரும். நிரல்கள் கேட்பதற்கென்றே ஏபிஐ என்ற வாசலைச் சில தளங்கள் திறந்து வைத்திருக்கின்றன. விக்கிப்பீடியாவின் ஏபிஐ திறந்தது, பதிவு தேவையில்லை, தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அப்படியே வேலை செய்யும். இன்டர்நெட் ஆர்கைவும் தன் தேடல் முடிவுகளை, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் தருகிறது.

உங்கள் கணினியில் இருக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பிலிருந்து வேறொரு தளத்தின் தரவைக் கேட்டால், பாதுகாப்புக் காரணமாக உலாவி தடுக்கும். அந்தத் தளம் அனுமதி சொன்னால்தான் விடும். விக்கிப்பீடியாவில் கோரிக்கையோடு ஆரிஜின் என்ற அளபுருவில் நட்சத்திரக் குறி கொடுத்தால் அனுமதி கிடைக்கும். அனுமதிக்காத தளங்களுக்கு பைத்தானில் சிறு நிரல் எழுதலாம், அங்கே உலாவியின் தடை இல்லை. ஆனாலும் இதில் அவசரப்பட வேண்டாம். இணைப்புப் பட்டியலே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது.

தளத்தின் பக்கங்களை மொத்தமாக இறக்கிக்கொண்டால் இன்னும் வேகம் அல்லவா?

நம் மின்னூலகங்களில் பல, தன்னார்வலர்களின் உழைப்பிலும் நன்கொடையிலும் நடப்பவை. நொடிக்கு நூறு கோரிக்கை அனுப்பும் ஒரு நிரல், அவர்கள் வழங்கியைப் படுக்க வைத்து, மற்ற வாசகர்களையும் வெளியே நிறுத்திவிடும். இதில் நான் கறாராகவே இருப்பேன்: வேண்டியதை மட்டும் எடுங்கள்.

பைத்தான் நிரல் எழுதினால் சில ஒழுக்கங்கள் உண்டு. நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் படியுங்கள். 1994 முதல் இருக்கும் வழக்கம் அது, 2022-ல் முறையான இணையத் தரமாகவும் ஆகிவிட்டது. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் சில நொடி இடைவெளி விடுங்கள். கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் நீங்கள் யார், எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதுங்கள். விக்கிமீடியா இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. 429 என்ற எண் திரும்பி வந்தால், அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். ஒருமுறை எடுத்த பக்கத்தை உங்கள் கணினியில் சேமித்துவைத்தால் மறுபடி கேட்க வேண்டியிராது. பதிப்புரிமையையும் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கிறது.

வருடிய பிடிஎஃப்களுக்குள் தேட முடியுமா?

படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி வழியாக ஓரளவு முடியும். டெசராக்ட் என்ற எழுத்துணரி இலவசம், தமிழ் தெரியும். கூகுள் டிரைவில் பிடிஎஃப்பை ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தாலும் எழுத்து கிடைக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா போன்றவற்றின் வடிவம் வேறு. அங்கே பிழை கூடும். காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறுவதும் சகஜம்.

பிடிஎஃப்பில் எழுத்து இருந்தும், நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வருகிறதா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது அது. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

வெறும் படமாக இருக்கும் இதழ்களில் தலைப்பும் தேதியும் மட்டுமே தேடலில் சிக்கும். அங்கே சொல்லைத் தேடிப் பயனில்லை. 1964 டிசம்பர் 23 முதல் ஒரு வாரத்து இதழ்களைத் தேதி வாரியாகத் திறந்து, கண்ணால் பாருங்கள். கருவியில் இதற்கென்று ஒரு தேதிப் பெட்டியும் வைக்கலாம்.

கிடைத்ததை எங்கே குறித்துவைப்பது?

நூல், கட்டுரை விவரங்களைச் சேமிக்க சோட்டெரோ இருக்கிறது. 2006-ல் வந்த இலவச மென்பொருள், உலாவியிலிருந்தே ஒரு சொடுக்கில் விவரத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியை நீங்கள் மறுபடி கட்ட வேண்டாம்.

சோட்டெரோவில் இல்லாத ஒன்றை மட்டும் உங்கள் கருவியில் கட்டுங்கள்: தேடல் நாட்குறிப்பு. எந்தத் தளம், எந்த எழுத்துவடிவம், என்று தேடினீர்கள், என்ன கிடைத்தது. ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் எழுத வேண்டும், மிக முக்கியமாக அதைத்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே தளத்தில் அதே வடிவத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இணைப்புப் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘உண்டு’, ‘இல்லை’, ‘மறுபடி பார்’ என்று மூன்று பொத்தான்கள் வைத்து, அழுத்தியதும் தேதியோடு ஒரு விரிதாள் வரியாகச் சேர்ந்துவிடும்படி செய்யலாம். உலாவியின் உள்சேமிப்பில் வைத்தால், அவ்வப்போது சிஎஸ்வி என்ற எளிய விரிதாள் கோப்பாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். உலாவியின் தரவை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

முக்கியமான பக்கம் கிடைத்தால், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் குறியுங்கள். தளங்கள் மறைகின்றன, நிரந்தரம் என்று எதையும் நம்ப முடியாது.

என் குறிப்புகளுக்குள் தேடப் பைத்தான் எழுதினேன். தமிழ்ச் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஏன்?

எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லைக் குறிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டிருப்பீர்கள். பைத்தானின் வழக்கமான தொகுதியில் அது எழுத்துகளை ஏற்கும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஏற்காது. தனுஷ்கோடி ‘தன’, ‘ஷ’, ‘க’, ‘ட’ என்று நொறுங்கும். தமிழ் யூனிகோடு வரம்பான 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை உள்ளதை நேரடியாகக் கொடுத்துவிட்டால் சரியாகும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் முழுஉரைத் தேடலிலும், உரையைச் சொற்களாக வெட்டும் இயல்பான பிரிப்பி இதே குழப்பத்தைச் செய்யும். 2020 இறுதியில் வந்த 3.34 பதிப்பு முதல் டிரைகிராம் என்ற பிரிப்பி கிடைக்கிறது. சொல்லின் பகுதியைத் தேடுவதால், உருபு ஏறும் தமிழுக்கு அதுவே பொருத்தம். குறிப்புகள் சில ஆயிரம்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம், நேரடியாகச் சொல்லின் துண்டைத் தேடினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்டால் போதாதா?

கருவியின் நிரலை எழுதித் தரச் சொல்லுங்கள், நன்றாகச் செய்யும். மேலே சொன்ன தமிழ்ச் சிக்கல்களை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். எழுதித் தந்ததைச் சோதிக்க, கட்டாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைத் தேடிப்பாருங்கள். அது வரவில்லையென்றால் நிரலில் கோளாறு.

தகவலுக்கு ஆதாரமாக அவற்றை எடுக்காதீர்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண் வரை சொல்லிவிடும். தேடுவதற்கான துப்பாக வேண்டுமானால் எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கைபேசியில் ஓடுமா? நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?

ஒரே கோப்புதான் என்பதால் மின்னஞ்சலில் அனுப்பலாம். இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றிவிட்டால் கைபேசியிலும் திறக்கும். ஒரே ஊரை, ஒரே காலத்தை ஆராயும் நான்கைந்து பேர் சேர்ந்து பெயர்ப் பட்டியலை ஒரு பொது விரிதாளில் வளர்ப்பது நல்ல ஏற்பாடு. மன்னார்க்காரருக்குத் தெரிந்த எழுத்துவடிவம் ராமேசுவரத்துக்காரருக்குத் தெரிந்திருக்காது. தளங்கள் தேடல் முகவரியை மாற்றுவதுண்டு, ஆகவே பட்டியலில் ஒவ்வொரு தளத்துக்கும் எதிரே கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போட்டு வையுங்கள்.